உபுண்டுவில் பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள்

வவுனியாவில் வாங்கிய பழைய லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சியிலிருந்து ஒரு தம்பி வந்தான். "அண்ணா, எந்த மென்பொருளைப் போட்டாலும் 404 எண்டு வருது." திறந்து பார்த்தால், லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான உபுண்டுவின் 23.10 பதிப்பு. கூட்டாளி தந்த பென்ட்ரைவில் 22.04உம் இருந்திருக்கிறது. எண் பெரியது, ஆகவே புதியது, ஆகவே நல்லது என்று 23.10ஐப் போட்டுவிட்டான்.

அந்த எண் வேறொன்றுமில்லை, வெளிவந்த ஆண்டும் மாதமும்தான். 22.04, 24.04 என்று இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில் வருபவை நீண்டகால ஆதரவுப் பதிப்புகள், எல்.டி.எஸ் என்பார்கள். ஐந்து வருடத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். இடையில் வரும் மற்றவற்றுக்கு ஒன்பது மாத ஆயுள்தான். 23.10 வந்தது 2023 ஒக்டோபரில், முடிந்தது 2024 ஜூலையில். அதற்குப் பிறகு அதன் பொதிகளை (மென்பொருள்களை நிறுவும் கோப்புகளை) வழமையான சேர்வரிலிருந்து எடுத்துப் பழைய பதிப்புகளுக்கான இடத்தில் போட்டுவிடுவார்கள். 404 என்றால் தேடியது இங்கே இல்லை என்ற பதில். தம்பியின் லப்டொப் ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கு ஒன்பது மாதத்துக்கொருமுறை இயங்குதளம் மாற்றுகிற வேலை எதற்கு? எல்.டி.எஸ் போடுங்கள்.

அடுத்தது, இயந்திரத்தைப் பார்க்காமல் தெரிவு செய்வது. உபுண்டு 24.04 இறக்கவே ஆறு ஜிபிக்குக் கிட்ட வேண்டும். 4 ஜிபி ரேமில் அது எழும்பும். ஆனால் பிரவுசரில் நாலு பாஸ்ட் பேப்பரைத் திறந்தால் மூச்சு வாங்கும். அப்படியான லப்டொப்புக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.ஈ என்ற இலேசான முகப்புள்ள பதிப்பைத்தான் நான் சொல்லுவேன். மின்ட் 22, உபுண்டு 24.04இன் மேல் கட்டியது. 2029 வரை ஆதரவு உண்டு. உபுண்டுவின் இன்னொரு வகையான லுபுண்டுவும் இலேசானதுதான், ஆனால் அதன் எல்.டி.எஸ் மூன்று வருடம் மட்டுமே. (உண்மையைச் சொன்னால், சுழலும் ஹார்ட் டிஸ்க்கை மாற்றி ஒரு சின்ன எஸ்.எஸ்.டி போடுவது இந்தத் தெரிவு எல்லாவற்றையும் விடப் பெரிய வித்தியாசம் காட்டும்.)

காளி லினக்ஸ்? கறுப்புத் திரையும் டிராகனும் ஆசையாகத்தான் இருக்கும். அது பாதுகாப்புச் சோதனை செய்கிறவர்களின் கருவி. லினக்ஸுக்குப் புதியவர்களுக்கு உரியதல்ல என்று அதை ஆக்குபவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஃபோன் ஹொட்ஸ்பொட்டில் இரவிரவாக இறக்கும் கோப்பு சிலவேளை அரைகுறையாக வரும். இறக்கிய பக்கத்தில் உள்ள எஸ்.எச்.ஏ 256 எண்ணோடு (கோப்பு முழுதாக வந்ததா என்று காட்டும் கைரேகை மாதிரி) ஒத்துப் பார்க்காமல் பென்ட்ரைவில் எழுதவேண்டாம். எழுதிய பிறகும் உடனே நிறுவாமல், பென்ட்ரைவிலிருந்தே ஓடவிட்டு வைஃபை, சத்தம், திரை வெளிச்சம் மூன்றையும் பாருங்கள். சில பழைய லப்டொப்களில் உள்ள பிரோட்கொம் வைஃபைக்கு டிரைவரைத் தனியாகப் போடவேண்டிவரும். அதை இறக்கவும் இணையம் வேண்டுமே என்று திகைக்க வேண்டாம்: அன்ட்ரொயிட் ஃபோனை யு.எஸ்.பி வயரில் கொழுவி டெதரிங்கை (ஃபோனின் இணையத்தை லப்டொப்புக்குக் கொடுக்கும் வசதி) போட்டால் போதும்.

இனி, கண்ணீர் வரவைக்கும் தவறு. நிறுவும்போது "டிஸ்க்கை அழித்து நிறுவு" என்றொரு தெரிவு வரும். சி டிரைவ் மட்டும்தான் போகும், டி டிரைவில் இருப்பது தப்பும் என்று பலர் நினைக்கிறார்கள். டிஸ்க் என்றால் முழு டிஸ்க். டியில் கிடந்த அசைன்மென்ட், அக்காவின் கலியாணப் படங்கள் எல்லாம் சேர்ந்தே போகும். விண்டோஸையும் வைத்திருக்க நினைத்தால் அந்தத் தெரிவைத் தொடவேண்டாம், முதலில் உங்கள் கோப்புகளுக்கு வெளியே ஒரு பிரதி எடுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லொக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

தமிழுக்காக ஒரு பதிப்பைத் தேடி அலைவதும் வீண். எதிலும் யுனிகோட் தமிழ் வரும். ஆசிரியர் அனுப்பிய பயிற்சித்தாள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். அந்த எழுத்துருவைப் போட்டால் சரி.

தம்பிக்கு மின்ட் போட்டுக் கொடுத்தேன். டி டிரைவைப் பிரதியெடுக்கத்தான் ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.