28 கிகாஹெர்ட்ஸ்ல பீம் தேடுற நேரத்தைக் குறைப்பம்: லெப்டொப்பில செய்து பாக்க ஒரு வழி

5ஜியில 28 கிகாஹெர்ட்ஸ் மாதிரி மில்லிமீட்டர் வேவ்ல டவர் சிக்னலை எல்லாப் பக்கமும் சும்மா பரப்பி விடேலாது, ஒடுக்கமான பீமாச் சேர்த்து போன் இருக்கிற திசைக்கு அனுப்ப வேணும், அப்ப எந்தப் பீம் எண்டு தேடுறதுக்கே நேரம் போயிடுது. வேகமான அல்கோரிதம் ஒண்டு எழுதினாச் சரிதானே எண்டு புதுசாப் படிக்கிற ஆக்கள் கேப்பினம். கணக்குப் போடுற நேரம் சின்னது. அளக்கிறதுக்கு எங்கட முறை வரும்வரைக்கும் காத்திருக்கிறமே, அதுதான் பெரிசு. பைத்தானும் அதின்ர கணக்கு லைப்ரரி நம்பையும் (NumPy) இருந்தாக் காணும், தொடங்குவம்.

படி 1: ரோட்டையும் அன்டெனாவையும் போடுங்கோ

கொழும்பு வெள்ளவத்தையில காலி வீதி ஓரமா ஒரு டவர் இருக்கெண்டு வையுங்கோ, அதுக்கு முன்னால 20 மீட்டர் தள்ளி 100ஆம் நம்பர் பஸ் போகுது, உள்ளுக்க ஒரு போன். டவர்ல ஒரே வரிசையில 64 அன்டெனா. 28 கிகாஹெர்ட்ஸ்ல அலைநீளம் ஏறத்தாழ 10.7 மில்லிமீட்டர், இடைவெளி அதில பாதி, அதால முழு வரிசையும் 34 சென்டிமீட்டர் அளவுதான் வரும்.

படி 2: 64 பீம் செய்யுங்கோ

கோணத்தின்ர சைன் மதிப்பை −1இல இருந்து 1 வரைக்கும் 64 சம துண்டாப் பிரியுங்கோ, ஒவ்வொரு துண்டும் ஒரு பீம். n ஆவது அன்டெனாவுக்குக் குடுக்கிற பேஸ் (phase, அலையை எவ்வளவு தள்ளி விடுறது எண்டது), பை (π) தர n தர அந்த சைன் மதிப்பு. போன் இருக்கிற கோணத்துக்கும் இதே மாதிரி ஒரு வெக்டர் செய்து, ரெண்டையும் பெருக்கிக் கூட்டி (ஒண்டுக்குக் கொன்ஜுகேட் எடுக்க, அதாவது கற்பனைப் பகுதியின்ர குறியை மாத்த, மறக்காதேங்கோ) வாற எண்ணின்ர அளவை வர்க்கப்படுத்தினாப் பவர். கொஞ்சம் நொய்ஸும் சேருங்கோ, இல்லாட்டி எல்லா முறையும் நல்ல முறை மாதிரித்தான் தெரியும்.

படி 3: தாமதம் எங்க இருக்கெண்டு எண்ணுங்கோ

இதில அவசரப்படாதேங்கோ. 5ஜியில இந்த பேண்டுக்கு எஸ்எஸ்பி (SSB) எண்ட, போன் டவரைக் கண்டுபிடிக்கிற சிக்னலை ஆகக்கூட 64 திசைக்கு அனுப்பலாம், அவ்வளவும் 5 மில்லி செக்கனுக்குள்ள முடிஞ்சிடும், ஆனா அடுத்த சுற்று வழமையா 20 மில்லி செக்கனுக்கு ஒருக்காத்தான். போனும் சும்மா இருக்கேலாது, அதுவும் தன்ர பக்கத்துப் பீமைத் திருப்பித் திருப்பிப் பாக்க வேணும். போனுக்கு 8 திசை, சுற்றுக்கு ஒண்டு எண்டு வைச்சா 160 மில்லி செக்கன். 40 கிலோமீட்டர் வேகத்தில போற பஸ் அதுக்குள்ள 1.8 மீட்டர் போயிடும், டவர்ல இருந்து பாத்தா அது 5 பாகை, எங்கட நேர்முன் பீமின்ர அகலமோ 2 பாகையும் இல்லை. தேடி முடிக்கேக்க விடை பழசாப் போச்சு.

இன்னொண்டும் கவனியுங்கோ, எஸ்எஸ்பியை 64இல இருந்து 8ஆக் குறைச்சாலும் அந்த 160 அப்பிடியேதான் இருக்கும், ஏனெண்டா சுற்று இன்னும் 20 மில்லி செக்கன்தான். பீமைக் குறைச்சாத் தாமதம் தானாக் குறையும் எண்டு நினைக்கிற ஆக்கள் தடுக்கி விழுறது இங்கதான்.

படி 4: ரெண்டு கட்டமாத் தேடுங்கோ

புறக்கோட்டையில சாமான் வாங்கப் போறவர் முதல்ல எந்தக் குறுக்குத்தெரு எண்டு பாத்திட்டுத்தானே கடையைத் தேடுவார், அது மாதிரி 8 அகலப் பீமால பொதுத் திசையைப் பிடிச்சிட்டு அதுக்குள்ள இருக்கிற 8 ஒடுக்கப் பீமை மட்டும் அளவுங்கோ, 64க்குப் பதிலா 16. ரெண்டாவது கட்டத்தை எஸ்எஸ்பியால செய்யாதேங்கோ, சிஎஸ்ஐ-ஆர்எஸ் (CSI-RS) எண்ட அளவெடுக்கிற சிக்னலை வேணுமெண்ட நேரம் கேட்டு அனுப்பலாம். சப்கேரியர் இடைவெளி 120 கிலோஹெர்ட்ஸ் எண்டா ஒரு சிம்பல் (சிக்னலை அனுப்புற சின்ன நேரத்துண்டு) 9 மைக்ரோ செக்கனுக்குக் கிட்ட, 8 பீமும் 0.125 மில்லி செக்கன் ஸ்லொட் ஒண்டுக்குள்ள அடங்கும். போன் தன்ர நல்ல திசையைப் பிடிச்சுக்கொண்டே இருக்கிறதால அந்த எட்டு மடங்கும் இல்லை. போன் திருப்பி ரிப்போட் பண்ணுற நேரத்தைக் கணக்கில சேருங்கோ, மிச்சம் பெரும்பாலும் அதுதான்.

அகலப் பீமுக்கு எண்டு 8 அன்டெனாவை மட்டும் ஓன் பண்ணினா அன்டெனா லாபம் 9 டெசிபெல் விழும், தூரத்தில இருக்கிற போனுக்கு முதல் கட்டமே பிழைக்கும். பேஸை மாத்தி 64 அன்டெனாவாலயும் அகலப் பீம் செய்யலாம், அது பிறகு பழகுங்கோ.

படி 5: ரோட்டைப் படிக்க விடுங்கோ

எனக்கு ஆகப் பிடிச்ச படி இது. பஸ் பறக்கிறேல்லை, ரோட்டிலதான் போகுது, அப்ப 31ஆவது பீமுக்குப் பிறகு அநேகமா 32 அல்லது 30தான். 64க்கு 64 டேபிள் ஒண்டு வைச்சு எந்தப் பீமுக்குப் பிறகு எது வந்தது எண்டு எண்ணிக்கொண்டு போங்கோ, கூடுதலா வந்த 4ஐ மட்டும் அளவுங்கோ. 5ஜி விதிகளை எழுதுற 3ஜிபிபி அமைப்பின்ர ரிலீஸ் 18இல கொஞ்சத்தை அளந்து மிச்சத்தை ஏஐயால ஊகிக்கிறதைப் பற்றி ஆராய்ஞ்சிருக்கினம், ஆனா நேரான ரோட்டுக்கு இந்த டேபிளே போதும், நியூரல் நெட்வொர்க்குக்கு ஓடாதேங்கோ.

அந்த 4 பீமையும் டிசிஐ (TCI) ஸ்டேட்டா, அதாவது எந்தப் பீம் எண்டு போனுக்குச் சொல்லுற குறியா, முதலே அக்டிவேட் பண்ணி வைக்கலாம், 8 வரைக்கும் இடம் இருக்கு. அப்ப மாத்துறதுக்கு கன்ட்ரோல் மெசேஜ் ஒண்டு காணும், இல்லாட்டி மேல் லேயர் கட்டளை போய், போன் கிடைச்சதெண்டு சொல்லி, அதுக்குப் பிறகும் 3 மில்லி செக்கன் பாத்துக்கொண்டிருக்க வேணும்.

படி 6: குழப்பிப் பாருங்கோ

இடையில இன்னொரு பஸ் வந்து மறைக்கிற மாதிரி 20 டெசிபெல்லைத் திடீரெண்டு குறையுங்கோ. 4 பீமும் விழுந்தா உடன அகலப் பீமுக்குத் திரும்ப வேணும், எவ்வளவு விழுந்தாத் திரும்புறது எண்ட எல்லையை 6 டெசிபெல்லில தொடங்கி மாத்திப் பாருங்கோ. சின்னதா வைச்சாச் சும்மா சும்மா திரும்பும், பெரிசா வைச்சாச் செத்த பீமிலயே நிக்கும். கிராப் போடேக்க சராசரியைப் பாக்காதேங்கோ, ஆக மோசமான 5 வீதத்தை எடுங்கோ, வீடியோ கோல் அறுறது அதிலதான்.