விசா மெடிக்கலுக்கு முன் அம்மாவுக்கு ஒரு ஃபோன்

சிங்கப்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கிற நம்மவர்கள், மெடிக்கல் என்றதும் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் போகிற மாதிரி ஆகிவிடுகிறார்கள். ஒரு வாரம் சோறு கிடையாது, காலையில் ஈஸ்ட் கோஸ்ட்டில் ஓட்டம். ஆனால் அந்த மருத்துவர் யாருக்கும் பாஸ், ஃபெயில் போடுவதில்லை. பார்த்ததை இமெடிக்கல் என்ற கணினி முறையில் ஏற்றி அனுப்புவார், அவ்வளவுதான். முடிவெடுப்பது அந்த நாட்டுக் குடிநுழைவுத் துறை.

இங்கே வேலை அனுமதிக்கு எடுக்கும் பரிசோதனையை சிங்கப்பூரில் பதிவுபெற்ற எந்த மருத்துவரிடமும் செய்துகொள்ளலாம். அந்தப் பழக்கத்தில் வீட்டு புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்கிலேயே பணத்தைக் கட்டிவிட்டு வருபவர்கள் உண்டு. அது வீண் செலவு. இரண்டு நாடுகளும் தங்கள் பேனல் மருத்துவர்களின், அதாவது இதற்கென்று தாங்களே நியமித்த மருத்துவர்களின், அறிக்கையை மட்டுமே ஏற்கும். போகும்போது அசல் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) வேண்டும், நகல் செல்லாது. ஆஸ்திரேலியா என்றால், மெடிக்கலுக்கென்று அந்த நாடு கொடுக்கும் ஹெச்ஏபி எண்ணும் வேண்டும். கண்ணாடி போடுபவர்கள் அதை மறக்க வேண்டாம். இடையில் கடப்பிதழைப் புதுப்பித்திருந்தால் புது எண்ணை முதலில் விண்ணப்பத்தில் மாற்றிவிடுங்கள்.

ஆஸ்திரேலிய நிரந்தரவாசத்துக்குப் பொதுவாக 5 வயதிலிருந்து சிறுநீர், 11 வயதிலிருந்து நெஞ்சு எக்ஸ்ரே, 15 வயதிலிருந்து எச்ஐவி. இதில் பலரையும் இழுத்தடிப்பது எக்ஸ்ரேதான். தலைக்குக் குளித்துவிட்டு ஈரப் பின்னலைத் தோளில் போட்டபடி நின்றால், படத்தில் அது நுரையீரலின் மேல் பகுதியில் நிழலாக விழும். காசநோய்த் தடயத்தை மருத்துவர் தேடுவதும் அதே இடத்தில். முடியை உயர்த்திக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள். தாலிச் சங்கிலியையும் கழற்றச் சொல்வார்கள். அங்கே நின்று கண்கலங்குவதைவிட, அன்று ஒருநாள் உலோகம் எதுவும் கோக்காத வெறும் மஞ்சள் கயிற்றுக்கு மாறிக்கொள்வது மேல். என் அத்தை அப்படித்தான் செய்தார். கர்ப்பமாக இருந்தால் எக்ஸ்ரேவுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது என் சொந்தக் கதை. 'காசநோய் இருந்ததுண்டா?' என்ற கேள்விக்கு யோசிக்காமல் 'இல்லை' என்று குறித்தேன். எக்ஸ்ரேயில் சின்னதாக ஒரு சுண்ணாம்புப் புள்ளி. மருத்துவர் மறுபடி கேட்டார், மறுபடியும் இல்லை என்றேன். இரவு தஞ்சாவூருக்கு ஃபோன் போட்டால் அம்மா சாவகாசமாகச் சொல்கிறார்: "உனக்கு அஞ்சு வயசுல பிரைமரி காம்ப்ளக்ஸ்னு டாக்டர் சொன்னாரேடா, ஆறு மாசம் மருந்து குடிச்சியே, மறந்துட்டியா?" பிரைமரி காம்ப்ளக்ஸ் என்பதும் காசநோய்தான். நம் வீடுகளில் யாரும் காசநோய் என்ற பெயரைச் சொல்வதில்லை, அதனால் பிள்ளைகளுக்கும் தெரிவதில்லை.

அந்தப் புள்ளி மாதிரி பழைய காசநோய்த் தழும்பு இருப்பதால் விசா போய்விடாது. கேள்வித்தாளில் 'இல்லை', படத்தில் 'உண்டு' என்று இருந்தால்தான் சிக்கல். மருந்து முடித்ததற்கான சீட்டு கிடைத்தால் கொண்டு போங்கள். வேலை அனுமதிக்காக இங்கே முன்பு எடுத்த எக்ஸ்ரே இருந்தால் அதையும் தேடி எடுங்கள். புள்ளி அன்றும் இன்றும் ஒரே அளவில் இருக்கிறது என்பதைக் காட்ட அதைவிட நல்ல சாட்சி இல்லை. பழைய தழும்பு மட்டும்தான் என்றால், அங்கே போனதும் பரிசோதனைக்கு வருவதாகப் படிவம் 815-இல் உறுதிமொழி வாங்கிக்கொண்டு ஆஸ்திரேலியா விசா கொடுப்பதும் உண்டு.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்திவிட்டுப் போவது இன்னொரு கூத்து. நிறுத்தினால் அளவு ஏறத்தான் செய்யும். ஃபார்சிகா, ஜார்டியன்ஸ் போன்ற சர்க்கரை மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கு ரத்தத்தில் சர்க்கரை கட்டுக்குள் இருந்தாலும் சிறுநீரில் சர்க்கரை தெரியும், அந்த மருந்து வேலை செய்யும் விதமே அதுதான். பெயரைச் சொன்னால் மருத்துவருக்குப் புரிந்துவிடும். பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போகிறவர்கள், தங்கள் மருந்துப் பட்டியல் இருக்கும் ஹெல்த்ஹப் செயலியைத் திறந்து காட்டினாலே போதும். முதல் நாள் கடும் உடற்பயிற்சி செய்தால் சிறுநீரில் புரதம் காட்டக்கூடும். மாதவிலக்கு நாள்களில் ரத்தம் காட்டும், தேதியைத் தள்ளிப்போடுங்கள்.

கடைசியாக, மெடிக்கல் முடிந்த கையோடு வேலையை விடாதீர்கள். எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் மூன்று நாள் காலையில் சளி மாதிரி கொடுக்க வேண்டும். அதில் கிருமி வளர்கிறதா என்று பார்த்துச் சொல்ல 8 வாரம் வரை ஆகும். சிங்கப்பூரில் வேலை செய்ய வைத்திருக்கும் எம்ப்ளாய்மென்ட் பாஸ் ரத்தானால் இங்கே தங்கக் கொடுப்பதோ 30 நாள். என் நண்பர் வேலையை மட்டும் விடவில்லை, நல்லவேளை. கட்டில், மெத்தை, சோபா எல்லாவற்றையும் பழைய பொருள் விற்கும் கரோசெல் செயலியில் விற்றிருந்தார். முடிவு வரும்வரை குடும்பமே பாயில் படுத்தது.