முன்னாள் படைவீரர் சலுகைகள்: விண்ணப்பத்துக்கு முன்னால் பெயரைச் சரிபாருங்கள்

அப்பா ராணுவத்தில் 24 வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அவருடைய பழைய தகரப் பெட்டியைத் திறந்து காகிதங்களை அடுக்கியபோதுதான் அம்மாவின் பெயர் மூன்று இடத்தில் மூன்று விதமாக இருப்பதைப் பார்த்தேன். ராணுவத்திலிருந்து விடுபடும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக்கில் ராஜம். ஆதாரில் எஸ். ராஜலட்சுமி. வங்கிப் புத்தகத்தில் ராஜலட்சுமி சுப்பிரமணியன். மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க எட்டு மாதம் ஆனது. வீட்டில் முன்னாள் படைவீரர் இருக்கிற எல்லாருக்கும் அந்த அனுபவம் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் போக வேண்டிய இடம்

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். பேச்சில் சைனிக் போர்டு. டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணையான பிபிஓ, ஆதார், புகைப்படம் இவற்றோடு போய்ப் பதிவு செய்து அடையாள அட்டை வாங்குங்கள். கல்வி உதவி, வேலைக்கான பதிவு, படைப்பிரிவின் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸுக்குப் போகும் கடிதம் என்று பின்னால் வரும் பல வேலைகளுக்கும் வாசல் இதுதான்.

பெயர்த் திருத்தம்

நம்மில் பலருக்கு முன்னால் ஓர் இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும். ஒருவர் இனிஷியலை விரித்து எழுதுவார், ஒருவர் பின்னால் போடுவார். லட்சுமிக்கு ஆங்கிலத்தில் எக்ஸ் போடுகிறவர்களும் உண்டு. அப்பா இருக்கும்வரை இதனால் பெரிய தொந்தரவு தெரியாது. அவர் காலத்துக்குப் பிறகு அம்மா குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போகும்போதுதான் 'இந்த ராஜம் யார்?' என்று கேட்பார்கள். துக்க வீட்டில் இருப்பவரை அந்தக் கேள்விக்கு முன்னால் நிறுத்தக் கூடாது. அப்பா கையெழுத்துப் போட இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

எதை மாற்றுவது? ஓரிரு எழுத்துத்தான் வித்தியாசம் என்றால் ஆதாரை மாற்றுவது சுலபம் என்பது என் கருத்து. ஆனால் ஆதாரில் பெயரை ஆயுளில் இரண்டு முறைதான் மாற்றலாம், யோசித்துச் செய்யுங்கள். எங்கள் விஷயத்தில் பள்ளிச் சான்றிதழ் முதல் எல்லாமே ராஜலட்சுமி என்பதால் ராணுவப் பதிவைத்தான் திருத்தினோம்.

அதற்கு அப்பா பெயரில் ஒரு விண்ணப்பம், இரண்டு பெயரும் ஒருவருக்கே உரியவை என்ற பிரமாணப் பத்திரம், பத்திரிகை விளம்பரம், ஆதார் நகல் கேட்டார்கள். ஒவ்வொரு ரெக்கார்டு ஆபீஸுக்கும் ஒரு பட்டியல் இருக்கும். முதலில் அதைக் கேட்டு வாங்கிவிட்டு அப்புறம் முத்திரைத்தாள் வாங்குங்கள். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்புக்கு பெங்களூரு என்று படைப்பிரிவுக்கு ஏற்ப அலுவலகம் மாறும். சைனிக் போர்டு முத்திரையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

நாங்கள் தடுக்கி விழுந்த இடம் இனிமேல்தான். ராணுவப் பதிவேட்டில் மாற்றத்தை அறிவிக்கும் பார்ட் டூ ஆர்டர் வெளியானதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டோம். இரண்டு மாதம் கழித்து, படைவீரர் ஓய்வூதியத்தை நேரடியாக வழங்கும் இணையதளமான ஸ்பர்ஷில் பார்த்தால் அதே ராஜம். ஆர்டர் வந்தால் ராணுவப் பதிவேடு மட்டும்தான் திருந்தும். அதை வைத்துப் பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையின் ஓய்வூதிய அலுவலகம் திருத்திய பிபிஓ தர வேண்டும். அதுவும் வந்து, ஸ்பர்ஷில் அம்மா பெயர் ஆதாரில் உள்ளபடியே தெரிகிற வரைக்கும் விடாதீர்கள்.

ஸ்பர்ஷை செல்போனில் திறக்காமல் கணினியில் திறங்கள், படிவங்கள் முழுதாகத் தெரியும். வீட்டில் வசதி இல்லையென்றால் பொதுச் சேவை மையத்தில் செய்து தருவார்கள். கடவுச்சொல்லை மட்டும் எந்த இடைத்தரகரிடமும் கொடுக்காதீர்கள்.

மருத்துவம், படிப்பு, கல்யாணம்

மருத்துவத்துக்கு ஈசிஎச்எஸ் என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம், 2003 முதல் இருக்கிறது. அதன் பாலிகிளினிக் போய்ப் பரிந்துரைக் கடிதம் வாங்கி, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் காட்டலாம். அவசரத்தில் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

ஹவில்தார் வரையிலான தரத்தினரின் இரண்டு பிள்ளைகளுக்கு, 1ஆம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை கேந்திரிய சைனிக் போர்டு கல்வி உதவி தருகிறது. 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்பது 2,000 ஆகியிருக்கிறது. மகள் திருமணத்துக்கு 50,000 என்பது ஒரு லட்சம். பென்ஷன் இல்லாமல் வந்த, 65 வயது தாண்டியவர்களுக்கு மாதம் 8,000. உங்கள் தெருவில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், பலருக்கு இது தெரியாது.

பிள்ளை பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்பில் சேர்ந்தால் பிரதமர் உதவித்தொகைத் திட்டம் உண்டு. பெண்களுக்கு மாதம் 3,000, ஆண்களுக்கு 2,500. 60 சதவீத மதிப்பெண் வேண்டும், முதல் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் போய்க் கேட்டால் கிடைக்காது.

வேலை

மத்திய அரசின் குரூப் சி பணிகளில் 10 சதவீதம் முன்னாள் படைவீரருக்கு. வயதைக் கணக்கிடும்போது படையில் இருந்த வருடங்களைக் கழித்து, மேலும் மூன்று வருடம் தருவார்கள். பத்தாம் வகுப்போடு 15 வருடச் சேவை முடித்தவர் பட்டம் கேட்கிற பல குரூப் சி பணிகளுக்கும் விண்ணப்பிக்கலாம். தமிழக அரசிலும் குரூப் சி பணிகளில் ஒதுக்கீடு இருக்கிறது.

கடற்படையில் 15 வருடம் முடித்து வந்த பெரியப்பா மகன் ஒரே சமயத்தில் ஐந்து தேர்வு எழுதினார். முதலில் கிடைத்த வேலையில் சேரப் போகும்போது சைனிக் போர்டில் ஒரு ஓய்வுபெற்ற சுபேதார், "சேர்ற அன்னைக்கே லிஸ்ட் எழுதிக் குடுத்துடு தம்பி" என்றாராம். அரசு வேலையில் சேர்ந்ததும் ஒதுக்கீட்டு உரிமை முடிந்துவிடும். ஆனால் அதற்கு முன்பே விண்ணப்பித்திருந்த பணிகளைத் தேதி வாரியாக எழுதி, சேர்ந்தவுடன் உறுதிமொழியாகக் கொடுத்தால் அவற்றுக்கு உரிமை நிற்கும். 2014 ஆகஸ்ட் 14 தேதியிட்ட மத்திய அரசு ஆணை இது. அண்ணன் கொடுத்தார், ஆறு மாதத்தில் வீட்டுக்குப் பக்கத்திலேயே இன்னும் நல்ல வேலைக்கு மாறினார்.

பிற்சேர்க்கை

இரண்டு பேர் கேட்டதால் சேர்க்கிறேன். ஸ்பர்ஷுக்கு மாறியவர்கள் ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்வாழ் சான்றில் ஓய்வூதியம் வழங்கும் இடம் என்ற கட்டத்தில் வங்கியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஸ்பர்ஷ் பிசிடிஏ என்பதையே தேர்ந்தெடுங்கள், பிசிடிஏ என்பது மேலே சொன்ன பிரயாக்ராஜ் அலுவலகம்தான். இல்லையென்றால் சான்று போய்ச் சேராமல் பென்ஷன் நின்றுவிடலாம். கைரேகை தேய்ந்தவர்களுக்கு முகத்தை வைத்துச் செய்யும் ஆப் இருக்கிறது, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து எடுங்கள்.

கணவர் இறந்த பிறகு பெயரைத் திருத்த முடியுமா என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். முடியும் அம்மா. கணவரின் டிஸ்சார்ஜ் புக், இறப்புச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு சைனிக் போர்டுக்குப் போங்கள், மனுவை அங்கிருந்தே அனுப்புவார்கள். தனியாகப் போக வேண்டாம். பிள்ளைகளில் ஒருவரை அன்று லீவு போடச் சொல்லுங்கள்.