சிறார் நாவல்ல அப்பா-புள்ள மனஸ்தாபத்தை எப்படி படிக்கிறது

எட்டு வயசுலேர்ந்து பன்னெண்டு வயசு வரைக்கும் உள்ள பசங்களுக்குன்னு எழுதுற நாவலுக்கு மிடில் கிரேடுன்னு பேரு. இதுல நிறைய புக்ல அப்பாவோ அம்மாவோ புள்ளையோட ஏதோ ஒரு உரசல்ல இருப்பாங்க, நாமளும் படிச்சுட்டு "அந்தாளு சரியில்லப்பா"ன்னு ஒரே வரில முடிச்சுட்டு அடுத்த புக்குக்கு போயிடுவோம். ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கோ புக் கிளப்புக்கோ, இல்ல வீட்ல பசங்களோட உக்காந்து பேசறதுக்கோ அந்த ஒரு வரி பத்தாது. நான் எப்படி படிக்கிறேன்னு மூணு புக்கை வச்சு சொல்றேன். முடிவையும் சொல்லிடுவேன், அப்புறம் ஸ்பாய்லர்னு திட்டாதீங்க.

மொதல்ல, யார் பக்கம் நியாயம்னு தேடுறதை விட்டுடுங்க, இது பட்டிமன்றம் இல்ல. யார் கண்ணு வழியா கதை வருதுன்னு பாருங்க. பத்து வயசு பையன் கண்ணுல அப்பாவோட மூஞ்சி சிடுசிடுன்னு இருக்கறது தெரியும், அந்த மூஞ்சி காலைல எத்தன மணிக்கு எந்திரிச்சது, எத்தன மைல் வண்டி ஓட்டிச்சுங்கறது அவ்வளவா தெரியாது. ஆனா எழுதுறவங்க அதையும் எங்கயாவது ஒரு ஓரத்துல போட்டு வச்சிருப்பாங்க. அந்த ஓரத்தை புடிக்கறதுதான் வேலை.

கேத்தரின் பேட்டர்சன் 1977-ல எழுதின 'பிரிட்ஜ் டு டெரபிதியா' எடுத்துக்கங்க. ஜெஸ் நாலு பொண்ணுங்களுக்கு நடுவுல ஒரே பையன், படம் வரையறதுல பைத்தியம். சின்னப்பவே பெரியவனானா ஆர்ட்டிஸ்ட் ஆவேன்னு அப்பாகிட்ட சொல்றான், அவர் சந்தோஷப்படுவார்னு நெனச்சுட்டு. அவருக்கு சுத்தமா புடிக்கல, ஸ்கூல்ல இதைத்தான் சொல்லித் தராங்களான்னு கத்திட்டு, என் ஒரே பையனை இப்படி ஆக்குறாங்களேன்னு ஒரு வார்த்தை சொல்ல வந்து பாதியில நிறுத்திடறார். அந்த பாதி வாக்கியத்துக்கு கீழ ஒரு கோடு போடுங்க. முழுசா சொல்லியிருந்தா வெறும் வசவு, நிறுத்தினதாலதான் அவருக்கே ஒரு பயம் இருக்குன்னு தெரியுது. பையனுக்கும் என்ன சொல்ல வந்தார்னு புரிஞ்சிருக்கு, அதோட அப்பாகிட்ட படத்தைக் காட்டறதையே விட்டுடறான்.

அதே புக்ல எனக்கு இதைவிட முக்கியமா படுறது கிறிஸ்துமஸ் சீன். வேகமா படிச்சா கண்ணுல படாம போயிடும். அப்பா ஜெஸ்ஸுக்கு எலக்ட்ரிக் ரேஸ் கார் செட் வாங்கித் தரார். கார் டிராக்ல நிக்க மாட்டேங்குது, விழுந்துக்கிட்டே இருக்கு, அவர் அதைத் திட்டிக்கிட்டே இருக்கார். இதுக்கு கொஞ்சம் முன்னாடிதான் ஜெஸ் தன் ஃப்ரெண்ட் லெஸ்லிக்கு ஒரு நாய்க்குட்டி குடுத்து, குடுத்ததுலயே பூரிச்சுப் போயிருக்கான். இப்ப அப்பாவும் அதே மாதிரி இந்த பரிசை நெனச்சு பெருமைப்படணும்னு பையன் ஆசைப்படறான்! அந்த கார்ல அவனுக்கு பெருசா இஷ்டம் இல்ல, அப்பாவுக்காக அதோட விளையாடறான். இங்க யாரும் யாரோடவும் சண்டை போடல, ஆனா புக்ல இருக்கற மொத்த மனஸ்தாபமும் அந்த டிராக்குலதான் ஓடுது. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் சந்தோஷப்படுத்தத்தான் பாக்குறாங்க, ஒத்தடி தள்ளி தள்ளி விழுது. அதனால கத்துற சீனை மட்டும் குறிச்சு வைக்காதீங்க, யார் யாருக்கு என்ன குடுத்தாங்க, வாங்கினவங்க எப்படி வாங்கினாங்கன்னு தனியா குறிச்சு வைங்க. கிஃப்ட், சாப்பாடு, போன் கால், எல்லாமே கணக்குல வரும்.

போன் கால்னதும் பெவர்லி கிளியரியோட 'டியர் மிஸ்டர் ஹென்ஷா', 1983. லீ பாட்ஸ்னு ஒரு பையன், அப்பா அம்மா பிரிஞ்சாச்சு, அப்பா ஊர் ஊரா லாரி ஓட்டறவர். புக் பூரா லெட்டரும் டைரியுமா இருக்கும். இந்த மாதிரி புக்ல எக்ஸ்ட்ராவா ஒரு கேள்வி கேக்கணும்: இவன் இதை யார்கிட்ட சொல்றான்? அப்பாகிட்ட சொல்ல வேண்டியதை எல்லாம் எங்கயோ இருக்கற ஒரு எழுத்தாளருக்கு எழுதறான், அங்கயே பாதி விஷயம் வந்தாச்சு. அப்பா அவனை பேர் சொல்லாம 'கிட்'னு கூப்பிடறது அவனுக்கு குத்துது. நம்மூர்ல டேய்னு கூப்பிட்டாலும் பாசம்தான், ஆனா அங்க அந்த சொல் யாருக்கு வேணா பொருந்தற சொல், அதான் வலி. போன் பண்றேன்னு சொன்ன அப்பா பண்ணல, கடைசில இவனே பண்றான், அப்ப பின்னாடி இன்னொரு பையன் குரல் பீட்சா சாப்பிட எப்ப போறோம்னு கேக்குது. கிளியரி அங்க விளக்கமே குடுக்கல. நாமளும் உடனே அர்த்தம் சொல்லாம அந்த குரல் கேட்டப்புறம் பையன் என்ன பண்றான்னு பாக்கணும். என் அக்கா பையன் இந்த எடத்துல புக்கை கவுத்து வச்சுட்டு, துபாய்ல இப்ப மணி என்ன சித்தின்னு கேட்டான். அவங்கப்பா அங்கதான் இருக்கார், நான் எதுவும் பேசல.

அம்மாக்களுக்கு கெல்லி யாங்கோட 'ஃப்ரண்ட் டெஸ்க்', 2018. சீனாவுலேர்ந்து அமெரிக்கா வந்த குடும்பம், கலிஃபோர்னியாவுல ஒரு மோட்டல்ல வேலை, அப்பா அம்மா ரூம் கிளீன் பண்ண பத்து வயசு மியா முன்னாடி டெஸ்க்கை பாத்துக்கறா. அவளுக்கு எழுதணும்னு ஆசை. அம்மாவோ, இங்கிலீஷ்ல நீ ஒரு சைக்கிள், மத்த பசங்க எல்லாம் கார், கணக்கைப் பாருங்கற மாதிரி சொல்றாங்க. கொடுமையான வார்த்தைதான், அதை மழுப்ப வேணாம். ஆனா அந்த உவமை எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க, புது ஊர்ல தானே சைக்கிள் மிதிச்சு மூச்சு வாங்கறவங்க வாய்லேர்ந்து வருது. பெத்தவங்க திட்டும்போது வர்ற உவமையை எப்பவும் உருவி எடுத்துப் பாருங்க, அதுல அவங்க கதை இருக்கும். இதுக்குக் கீழ காசு ஓடுதுன்னும் மறக்காதீங்க, மிடில் கிரேடு சண்டை நெறையா காசு, நேரம் ரெண்டுலதான் போய் நிக்கும்.

இப்ப எழுதறது. "ஜெஸ்ஸின் தந்தை கண்டிப்பானவர்"னு எழுதினா மார்க் வராது, வந்தாலும் பிரயோஜனம் இல்ல. "படம் வரையறதை அப்பா கேவலமா பேசினப்புறமும் ஜெஸ் அவர் குடுத்த காரோட அவருக்காக விளையாடறான், அதனால அவனுக்கு அவர் மேல இருக்கறது வெறுப்பு இல்ல, அவர்கிட்ட போய் சேர வழி தெரியாத தவிப்பு"ன்னு எழுதுங்க, சீன் ஒண்ணு, செயல் ஒண்ணு, அதுலேர்ந்து நீங்க எடுத்த முடிவு ஒண்ணு, மூணும் ஒரே மூச்சுல வந்துடும். உங்க முடிவை மறுக்கற சீன் வேற எங்கயாவது இருந்தா ஒளிக்காம அதையும் சேருங்க. லெஸ்லி செத்தப்புறம் இதே அப்பாதான் ஜெஸ்ஸை மடியில வச்சு தேத்தறார், அதை விட்டுட்டு எழுதினா அவர் பாதி ஆளாயிடுவார்.

கடைசியா முடிவைப் பத்தி. சினிமா மாதிரி எல்லாரும் கட்டிப் புடிச்சு அழுவாங்கன்னு எதிர்பாக்காதீங்க, மாறினது யாருன்னு கேளுங்க, பெரும்பாலும் பெத்தவங்க அப்படியேதான் இருப்பாங்க, புள்ள அவங்களை அளக்கற அளவுதான் மாறியிருக்கும். லீயோட அப்பா தொலைஞ்சு போன நாயைக் கண்டுபிடிச்சு கூட்டிட்டு வரார், அம்மா திரும்ப சேர மாட்டேன்னுடறாங்க. அவ்வளவு நாள் அந்த நாய்க்காக ஏங்கினவன், ராத்திரி ரோட்ல தனியா போற அப்பாவுக்கு தொணை வேணும்னு அதை அவர்கிட்டயே அனுப்பி வைக்கறான்.