புள்ளைக்கு கீரிப்பூச்சியான்னு கண்டுபிடிக்கிறதும் விரட்டுறதும்

ராத்திரி தூங்கிட்டிருக்கற புள்ள திடீர்னு எந்திரிச்சு பின்னாடி அரிக்குதுன்னு அழுதா மொதல்ல கீரிப்பூச்சின்னு சந்தேகப்படுங்க. பொம்பளப் பூச்சி ராத்திரிலதான் குடல்லேர்ந்து வெளிய வந்து ஆசனவாயச் சுத்தி முட்டை போடும், புள்ள சொறியும், முட்டை நக இடுக்குல ஏறிக்கும், அந்த விரலே வாய்க்குப் போகும், மறுபடி மொதல்லேர்ந்து.

தூங்கி ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு ஃபோன் டார்ச் அடிச்சுப் பாருங்க, வெள்ளை நூல் துண்டு மாதிரி நெளியும். தெரியலன்னா காலைல கழுவறதுக்கு முன்னாடியே செல்லோ டேப்பை அந்த எடத்துல ஒட்டி எடுத்து லேப்ல குடுங்க, சாதாரண மோஷன் டெஸ்ட்ல இந்த முட்டை பெரும்பாலும் சிக்காது. முகத்துல வெள்ளத் தேமல் இருக்கு, தூக்கத்துல பல்லக் கடிக்குதுங்கறத மட்டும் வச்சு பூச்சின்னு முடிவு கட்டாதீங்க. இனிப்பு தின்னா பூச்சி வரும்ங்கறதும் தப்பு, முட்டை உள்ள போனாத்தான் வரும்.

டாக்டர் பெரும்பாலும் அல்பெண்டசோல் எழுதுவாங்க, ரெண்டு வயசுக்கு மேல 400 மில்லிகிராம், 1 லேர்ந்து 2 வயசுக்குள்ள பாதி. நெறைய பேர் கோட்டை விடறது இங்கதான், புள்ளைக்கு மட்டும் குடுத்துட்டு விட்டுடறாங்க. அம்மா, அப்பா, தாத்தா, பாட்டின்னு வீட்ல எல்லாருமே ஒரே நாள்ல போடணும், மாத்திரை பூச்சியக் கொல்லும் ஆனா முட்டைய நம்பிக்கையா கொல்லாது, அதனால ரெண்டு வாரம் கழிச்சு எல்லாருக்கும் இன்னொரு டோஸ். கர்ப்பமா இருக்கறவங்களும் ஒரு வயசு ஆகாத குழந்தையும் மட்டும் டாக்டரக் கேக்காம தொடவே கூடாது.

மறுநாள் காலைல புள்ளைய எழுப்பின உடனே குளிப்பாட்டி ஜட்டிய மாத்துங்க, பெட்ஷீட்ட உதறாம அப்படியே சுருட்டி எடுத்து சுடுதண்ணில தொவச்சு வெயில்ல போடுங்க, உதறினா முட்டை காத்துல பறந்து வீடு பூரா எறங்கும், ரெண்டு மூணு வாரம் வரைக்கும்கூட உயிரோட இருக்கும். நகத்த ஒட்ட வெட்டுங்க.

அப்புறம் ஸ்கூல்லயும் அங்கன்வாடிலயும் வருஷத்துக்கு ரெண்டு தடவ குடுக்கற பூச்சி மாத்திரைய தயவுசெஞ்சு வேண்டாம்னு சொல்லாதீங்க. அது முக்கியமா நாக்குப்பூச்சி, கொக்கிப்புழுவுக்காக குடுக்கறது. கொக்கிப்புழு செருப்பில்லாத கால் வழியா உள்ள ஏறி குடல்ல ஒட்டிக்கிட்டு ரத்தத்தக் குடிக்கும், கீரிப்பூச்சி மாதிரி பின்னாடி அரிச்சு காட்டிக் குடுக்காது, புள்ள வெளிறிப்போய் கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்கும், படிப்புல மந்தமாயிடும், நாம சோம்பேறின்னு திட்டிட்டிருப்போம். அப்படி இருந்தா மாத்திரையோட நிக்காம ஹீமோகுளோபினும் பாத்துடுங்க, கம்மியா இருந்தா இரும்புச்சத்து மருந்தும் சேத்து குடுக்க வேண்டியிருக்கும்.