கியூபெக் வம்சாவளி தேடுகிறீர்களா? பிரான்ஸுக்கு டிக்கெட் போடுமுன் இதைப் படியுங்கள்

மாண்ட்ரியலில் இருந்துகொண்டு பழைய பங்குப் பதிவேடுகளை, அதாவது கத்தோலிக்கக் கோவில்கள் எழுதிவைத்த ஞானஸ்நான, கல்யாண, அடக்கப் பதிவுகளைப் படிக்கத் தெரியும் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் போதும், அப்புறம் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பாதிப் பேர் தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழ்கிற பிரெஞ்சுக்காரர்கள். மீதியில் நம்மவர்களும் உண்டு. வீட்டுக்குக் கியூபெக் மருமகளோ மருமகனோ வந்திருப்பார், பேரப்பிள்ளைக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொல்லியிருப்பார்கள், பிள்ளை அதை ஒரு வாரத்தில் மறந்துவிடும், தாத்தாவுக்கு மட்டும் பைத்தியம் பிடித்துக்கொள்ளும். யார் வந்தாலும் தவறுகள் என்னவோ அதேதான், நாங்கள் எல்லோரும் ஆரம்பத்தில் செய்தவைதான். ஆதாரத்தைக் குறித்துவை, எழுத்தை இரண்டு தடவை பார் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் அதற்குள் போகவில்லை.

குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு கடலைத் தாண்டுவது

இதைப் பற்றி மட்டும் நீளமாகத்தான் பேசப் போகிறேன், ஏனென்றால் இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர், குடும்பப் பெயர் ருவா. கொள்ளுத்தாத்தா வரைக்கும் கையில் தகவல் இருந்தது, 1880 வாக்கில் பிறந்தவர். அதற்கு மேல் ஒவ்வொரு படியாக ஏறுவதற்குப் பொறுமை இல்லை. கியூபெக்கின் முதல் ருவா யார் என்று தேடினார், 1660களின் தொடக்கத்தில் நார்மண்டியின் தியெப் ஊரிலிருந்து வந்த நிக்கோலா லெ ருவா கிடைத்தார், சரி இவர்தான் என்று முடிவு கட்டிவிட்டார். நடுவில் இருநூறு வருஷம் காலியாகக் கிடப்பது அவருக்கு உறுத்தவே இல்லை. மனைவியோடு தியெப்புக்குப் போனார், அங்கே பழைய ஆவணம் தேடித் தருகிற ஒருவருக்குப் பணம் கொடுத்தார், கோவில் வாசலில் படம் எடுத்துக்கொண்டார், ஊருக்குத் திரும்பி வந்து சுவர் அகலத்துக்கு ஒரு மரத்தை அச்சடித்து மாட்டினார். எல்லாம் முடிந்த பிறகுதான் என்னிடம் வந்தார், அதுவும் சரிபார்க்க வரவில்லை, காட்டுவதற்காக வந்தார்.

கொள்ளுத்தாத்தாவின் திருமணப் பதிவிலிருந்து பின்னோக்கிப் போனோம். நான்காவது படியிலேயே கமுராஸ்கா பக்கத்துப் பதிவில் மாப்பிள்ளையின் பெயர் 'ருவா தி தெஜார்தான்' என்று நிற்கிறது. தியெப்புக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த வழி போய் முடிவது அந்த்வான் ருவா தி தெஜார்தானிடம். பர்கண்டியின் ஜுவான்யி ஊர்க்காரர், பீப்பாய் செய்கிறவர், 1665-ல் காரின்யான்-சாலியேர் படைப்பிரிவோடு வந்த சிப்பாய். 1684-ல் லாஷினில் ஜூலியன் தலுவா என்பவர் தன் மனைவியோடு இவரைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொன்றுபோட்டார். வழக்கு நடந்ததற்கு ஆவணம் இருக்கிறது. நிஜமான பாட்டன் எவ்வளவு சுவாரசியமான ஆள் பாருங்கள், நம்மவர் யாருடைய ஊர்க் கோவில் வாசலிலோ படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

ருவா என்ற பெயரில் ஒருவருக்கொருவர் உறவே இல்லாத பலர் இங்கே வந்து குடியேறினார்கள். சில பெயர்கள் நேர் எதிர். திரெம்ப்ளே என்றால் கண்ணை மூடிக்கொண்டு பியேர் திரெம்ப்ளே, ஓசான் அஷோன் தம்பதியிடம் போகலாம், 1657-ல் கியூபெக்கில் கல்யாணம் செய்துகொண்டவர்கள், இங்குள்ள பழைய திரெம்ப்ளே குடும்பங்கள் எல்லாம் அவர்களுடைய வாரிசுகள்தான். இந்தத் திரெம்ப்ளே கதையைக் கேட்டுவிட்டுத்தான் எல்லாப் பெயரும் அப்படியே இருக்கும் என்று ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள்.

போதாக்குறைக்கு இந்த 'தி' பெயர்கள். 'என்று அழைக்கப்படுகிற' என்ற பொருளில் குடும்பப் பெயரோடு ஒட்டிக்கொள்கிற இரண்டாம் பெயர் அது. சிப்பாய்களுக்குப் படையில் வைத்த பட்டப்பெயராக இருக்கலாம், அதனால்தான் லாஃப்ளெர், சான்சூசி மாதிரியான பெயர்கள் சம்பந்தமே இல்லாத பல குடும்பங்களில் வரும். நிலத்தின் பெயராக இருக்கலாம், சொந்த ஊராக இருக்கலாம். ஒரு தலைமுறை முதல் பெயரை எழுதும், அடுத்த தலைமுறை இரண்டாவதை எழுதும், அண்ணன் ஒன்று தம்பி ஒன்று என்றும் பிரிவார்கள். கியூபெக்கில் தெருவுக்குத் தெரு தெஜார்தான் கூட்டுறவு வங்கிக் கிளை இருக்கிறது அல்லவா, அதைத் தொடங்கிய அல்ஃபோன்ஸ் தெஜார்தானின் அப்பா பெயர் ஃபிரான்சுவா ருவா தி தெஜார்தான். தெஜார்தான் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பிரான்ஸில் தேடினால் என்ன கிடைக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சு மாதிரித் தெரிகிற பெயர் பிரெஞ்சாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஃபனஃப் குடும்பங்களின் மூதாதை மத்தையஸ் ஃபார்ன்ஸ்வொர்த், 1704-ல் மாசசூசெட்ஸின் குரோட்டனில் பதின்வயதுப் பையனாகப் பிடிபட்டுக் கொண்டுவரப்பட்ட ஆங்கிலேயர். மாண்ட்ரியலில் ஞானஸ்நானம் பெற்றார், இங்கேயே குடும்பம் நடத்தினார், பாதிரியார்கள் காதில் விழுந்தபடி எழுத எழுதப் பெயர் தேய்ந்து ஃபனஃப் ஆனது. பிரான்ஸ் முழுக்க அலசினாலும் அவருடைய ஊர் வராது.

இதில் என்னை எரிச்சலூட்டுவது என்னவென்றால், இந்தத் தாவலுக்கு இங்கே அவசியமே இல்லை. கியூபெக்கின் கத்தோலிக்கத் திருமணப் பதிவு மாதிரி வசதியான ஆவணம் உலகில் பல இடங்களில் கிடையாது. மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்தது, மாப்பிள்ளை பெயர், அவருடைய அப்பா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், எந்தப் பங்கு. பெண்ணுக்கும் அதே விவரம். அப்புறம் சாட்சிகள், கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போட்டார்கள், மற்றவர்கள் தெரியாது என்று சொன்னார்கள் என்பது வரைக்கும் இருக்கும். ஒரு கல்யாணத்தைப் பிடித்தால் அதற்கு முந்தைய இரண்டு கல்யாணங்கள் கையில். இப்படியே ஏறினால் பெரும்பாலான குடும்பங்களில் கடலைக் கடந்து வந்த ஆளிடம் கொண்டுபோய் விட்டுவிடும், அவருடைய திருமணப் பதிவிலோ நோட்டரி ஒப்பந்தத்திலோ பிரான்ஸில் எந்த ஊர், எந்தப் பங்கு என்று பல சமயம் எழுதியே இருக்கும்.

ஒரே ஒரு இடத்தில் சங்கிலி அறுந்த மாதிரித் தெரியும். மனைவியை இழந்தவர் மறுமணம் செய்தால் பெரும்பாலும் பெற்றோர் பெயரை எழுதமாட்டார்கள், 'இறந்துபோன இன்னாரின் கணவர்' என்று எழுதி விட்டுவிடுவார்கள். விதவைக்கும் அப்படித்தான். புதியவர்கள் இங்கே வந்ததும் கையை விரித்துவிட்டு, குடும்பப் பெயரை வைத்துத் தாவுகிறார்கள். தாவவேண்டாம். அந்த இறந்துபோன மனைவியின் பெயரைக் கொண்டு முதல் கல்யாணத்தைத் தேடுங்கள், பெற்றோர் அங்கே இருப்பார்கள்.

7-ஐப் பார்த்து ஜூலை என்பது

பழைய பதிவில் மாதத்தின் இடத்தில் 7 போட்டுப் பக்கத்தில் 'ப்ர' என்று சுருக்கியிருந்தால் அது செப்டம்பர். 8 என்றால் அக்டோபர், 9 என்றால் நவம்பர், ரோமானியப் பத்து என்றால் டிசம்பர். பழைய ரோமானிய எண்ணிக்கைப்படி செப்டம்பர் ஏழாவது மாதம், அவ்வளவுதான் ரகசியம். இதைத் தப்பாகப் படித்தவரின் மரத்தில் அம்மாவுக்குக் கல்யாணம் ஜனவரியில் நடக்கும், அக்டோபரில் பிறந்த குழந்தை ஆகஸ்டிலேயே பிறந்துவிடும், அப்புறம் இல்லாத ஊழலுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

ஒரே பெயர், ஒரே ஆள் என்று நினைப்பது

போப்ரே கரையோரம் 17-ஆம் நூற்றாண்டில் குளோத் பூஷார் என்று இரண்டு பேர் இருந்தார்கள், ஒரே காலத்தில், கிட்டத்தட்ட அக்கம்பக்கத்தில். ஒருவர் தையற்காரர், 'சின்ன குளோத்' என்று கூப்பிட்டார்கள், மனைவி லூயிஸ் காஞே. மற்றவர் அறுவைச் சிகிச்சை வைத்தியர், பூஷார் தி தோர்வால். இரண்டு பேரையும் ஒருவராக்கி, ஒரே ஆள் பகலில் துணி தைத்து ராத்திரி காயம் தைத்த மாதிரி எழுதிய மரங்களைப் பார்த்திருக்கிறேன். மனைவி பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் ஒருவரை மரத்தில் ஏற்றாதீர்கள். இன்னொன்று, செத்துப்போன குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கே வைப்பது அங்கே சாதாரணம். ஞானஸ்நானம் கிடைத்தது என்றால் அடக்கப் பதிவையும் தேடுங்கள், உங்கள் மூதாதை நீங்கள் நினைக்கிற அந்த மரி இல்லாமல், அவளுக்குப் பின்னால் பிறந்த மரியாகவும் இருக்கலாம்.

அச்சில் வந்துவிட்டதால் நம்புவது

தாங்கே பாதிரியார் 1871-லிருந்து 1890 வரை ஏழு தொகுதிகளாகக் கொண்டுவந்த வம்சாவளி அகராதி பெரிய சாதனைதான், கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஒரு மனிதர் அதைச் செய்தார். ஆனாலும் தவறுகள் நிறைய உண்டு, அந்தத் தவறுகளைத் திருத்துவதற்கே பிற்காலத்தில் தனியாக வேலை செய்திருக்கிறார்கள். வலையில் சுற்றுகிற மரங்கள் பல இன்னும் அதிலிருந்தே எடுத்தவை. நூறு மரத்தில் ஒரே தேதி இருக்கிறது என்று ஒருவர் வாதாடினார். நூறு பேரும் ஒருவரைப் பார்த்து எழுதினால் அது ஒரு சாட்சிதான். மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் மக்கள்தொகை வரலாற்றுத் தரவுத்தளம் இவற்றைவிடப் பலமடங்கு நம்பகமானது. அதில் கிடைத்தாலும் பழைய பதிவேடுகளின் படங்கள் இருக்கிற ட்ரூவான் தொகுப்பில் அந்தப் பக்கத்தைத் திறந்து ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தைக் கல்யாணம் என்று எடுத்துக்கொள்வது

நோட்டரி முன்னால் திருமண ஒப்பந்தம் எழுதியதாலேயே கல்யாணம் நடந்துவிட்டது என்று அர்த்தமில்லை. 1663-லிருந்து 1673 வரை பிரெஞ்சு அரசன் செலவில் கல்யாணம் செய்துகொள்வதற்காக இங்கே வந்து இறங்கிய சுமார் 770 பெண்களில் சிலர் ஒருவரோடு ஒப்பந்தம் எழுதி, பிடிக்காமல் ரத்து செய்து, வேறொருவரைக் கட்டிக்கொண்டார்கள். அந்த முதல் ஆளைக் கொள்ளுத்தாத்தாவுக்குத் தாத்தா ஆக்கிவிடாதீர்கள். இந்தப் பெண்களைத் தெருப்பெண்கள் என்று சொல்லும் பழைய வதந்தியையும் மரத்தின் ஓரத்தில் எழுதிவைக்க வேண்டாம், அது வதந்திதான்.

1666 கணக்கெடுப்பின் வயது

நம்பாதீர்கள். ஒரே ஆளுக்கு 1666, 1667, 1681 மூன்றிலும் ஒத்துப்போகாத மூன்று வயது இருக்கும். 1666-ல் எண்ணியது 3,215 பேரை, அதில் படைச் சிப்பாய்கள் இல்லை. அங்கே பெயர் இல்லாததால் ஆள் அப்போது நாட்டில் இல்லை என்றும் சொல்லமுடியாது.

1640-க்கு முன்னால்

கியூபெக் ஊர்க் கோவில் அந்த வருஷம் எரிந்தது, பதிவேடும் போனது, ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதினார்கள். அதற்கேற்ற எச்சரிக்கையோடு படியுங்கள்.

குடும்பப் பெயருக்கென்று விற்கிற கேடயச் சின்னம்

வாங்காதீர்கள்.

பிரபலத்தோடு உறவு கண்டுபிடித்துக் குதிப்பது

17-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸிலிருந்து வந்து குடியேறிய சக்கரி குளூத்தியேருக்கு 1800-க்குள் 10,850 வாரிசுகள் இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பழைய கியூபெக் குடும்பம் என்றால் அவர் உங்கள் மரத்தில் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம், பல தடவை வந்தாலும் வியப்பில்லை. நாட்டின் பாதிப் பேர் உங்களுக்குத் தூரத்து உறவு, பாடகியோ பிரதமரோ அதில் அடக்கம்.

அக்காடியாவையும் இதே கணக்கில் சேர்ப்பது

உங்கள் குடும்பம் அக்காடியா வழி என்றால், அதாவது இன்றைய நோவா ஸ்கோஷியா பக்கம் 17-ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் என்றால், மேலே சொன்ன திருமணச் சங்கிலி பாதியில் நின்றுவிடும். 1755-ல் ஆங்கிலேயர்கள் அவர்களை ஊரோடு பிடித்து நாடுகடத்தத் தொடங்கினார்கள், பதிவேடுகளில் பெரும்பகுதி தொலைந்தது. கிராண்-ப்ரே பதிவேடுகளில் மிஞ்சியவற்றை அகதிகள் லூசியானா வரை தூக்கிக்கொண்டு போனார்கள், இன்றும் அங்கே பேட்டன் ரூஜில்தான் இருக்கின்றன. புதியவர்கள் கியூபெக்கிலேயே தேடிக் களைத்துப்போகிறார்கள்.

அப்படிச் சிதறியவர்கள் பிற்பாடு செய்துகொண்ட கல்யாணங்களில் ஒரு வரி வரும், இன்ன படி இரத்த உறவுக்கு ஆயரின் அனுமதி பெற்றது என்று. நமக்கு மாமன் மகளைக் கட்ட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, அவர்களுக்கு அந்தக் காலத்தில் நாலாவது படி உறவுக்குக்கூடத் திருச்சபையின் அனுமதி வேண்டியிருந்தது. பெரும்பாலானவர்கள் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். மூன்றாம் படி என்று எழுதியிருந்தால் மாப்பிள்ளையின் கொள்ளுப்பாட்டனும் பெண்ணின் கொள்ளுப்பாட்டனும் ஒரே ஆள் என்று அர்த்தம். பதிவேடே இல்லாத ஒரு தலைமுறையை இப்படிப் பல குடும்பங்களின் அனுமதி வரிகளை அடுக்கிவைத்துத்தான் வம்சாவளி ஆய்வாளர்கள் திரும்பக் கட்டியிருக்கிறார்கள், 1671, 1686 கணக்கெடுப்புகளோடு ஒப்பிட்டு.