மக்னீசியம் ஆனோடு: எந்தக் கலவை நல்லது என்று சோதிப்பது எப்படி?

உப்புநீர் பேட்டரியில் ஆனோடாக, அதாவது எலக்ட்ரான் தரும் முனையாக, இருந்து கரையும் மக்னீசியம் எல்லாம் கரண்டாக வருவதில்லை. ஒரு பங்கு தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் குமிழாகப் போய்விடும். டிஸ்சார்ஜ் (கரண்ட் எடுப்பது) நடக்கும்போது இந்தக் குமிழ் குறையாது, கூடும். அதனால் வெறுமனே ஊறவைத்துப் பார்த்து ஒரு கலவையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

படி 1: மாதிரி
தூய மக்னீசியம், ஏஇசட்31 (அலுமினியம் 3%, துத்தநாகம் 1%), ஏஇசட்91 (அலுமினியம் 9%, துத்தநாகம் 1%) போதும். விற்பவர் தரும் சான்றிதழில் இரும்பு, நிக்கல், செம்பு அளவைக் கட்டாயம் பாருங்கள். தூய மக்னீசியத்தில் இரும்பு சுமார் 170 பிபிஎம்மைத் (பத்து லட்சத்தில் 170 பங்கு) தாண்டினால் அரிப்பு எகிறிவிடும். இரும்பு மக்னீசியத்தோடு கலக்காமல் துகளாகத் தங்கி, ஒவ்வொரு துகளும் குட்டிக் கேத்தோடாக (ஹைட்ரஜன் எழும் முனையாக) வேலைசெய்வதே காரணம். ஏஇசட் வகைகளில் மாங்கனீசு சேர்ப்பது அந்த இரும்பைக் கட்டிப்போடத்தான்.

400, 800, 1200 எண் உப்புத்தாளில் எத்தனால் விட்டுத் தேய்த்து, உலர்த்தி, 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசில் நிறுக்கவும். தேய்த்த தூள் எளிதில் தீப்பற்றும். ஈரத் தூளை மூடிய டப்பாவில் போடாதீர்கள், உள்ளே ஹைட்ரஜன் சேரும்.

படி 2: ஊறல்
965 கிராம் காய்ச்சி வடித்த நீரில் 35 கிராம் உப்பு. எழும் ஹைட்ரஜனைப் பிடித்து அளக்க, மாதிரிக்கு மேல் புனலைக் கவிழ்த்து, அதன்மேல் உப்புநீர் நிரம்பிய பியூரெட்டைத் (அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) தலைகீழாகப் பொருத்துங்கள். அறை வெப்பநிலையில் 1 மில்லிலிட்டர் ஹைட்ரஜன் என்றால் ஏறத்தாழ 1 மில்லிகிராம் மக்னீசியம் போயிற்று என்று கணக்கு. கரைசல் குறைவாக இருந்தால் காரத்தன்மை ஏறி, அரிப்பு பொய்யாகக் குறைந்து தெரியும். 1 சதுர செ.மீ. பரப்புக்கு அரை லிட்டராவது வையுங்கள்.

படி 3: டிஸ்சார்ஜ்
1 சதுர செ.மீ. மட்டும் திறந்திருக்கும் பிடிப்பானில் புது மாதிரியை வைத்து, 10 மில்லிஆம்பியரில் 10 மணி நேரம் ஓட்டுங்கள். கலோமெல் மின்முனையை (மின்னழுத்தம் மாறாமல் நிற்கும் பாதரச மின்முனை) ஒப்பீட்டுக்கு வைத்து மின்னழுத்தத்தைப் பதியுங்கள். முடிந்ததும் குரோமிக் அமிலத்தில் வெள்ளைப் படிவை (மக்னீசியம் ஹைட்ராக்சைடு) நீக்கி நிறுக்க வேண்டும். இந்த அமிலம் கொடிய நச்சு. ஆய்வகப் புகைப்போக்கிக்குள், கையுறையோடு மட்டும். வெறும் தண்ணீரில் கழுவினால் படிவு மிஞ்சி, எடை இழப்பு குறைவாகத் தெரியும்.

படி 4: கணக்கு
ஒரு கிராம் மக்னீசியம் கோட்பாட்டின்படி 2205 மில்லிஆம்பியர்-மணி தரும். நீங்கள் எடுத்தது 10 × 10 = 100 மில்லிஆம்பியர்-மணி, அதற்கு 45 மில்லிகிராம் போதும். எடை 80 மில்லிகிராம் குறைந்திருந்தால் பயன்திறன் சுமார் 57%. மீதி எங்கே? பாத்திரத்தின் அடியில் பாருங்கள். வெள்ளைப் படிவுக்கு நடுவே கருத்த துணுக்குகள் கிடக்கும். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் சிலது நுரைக்கும்: அது கரையாமலே உதிர்ந்த உலோகம். மற்றது ஹைட்ரஜனாகப் போனது.

ஏஇசட்91-இல் மக்னீசியம்-அலுமினியச் சேர்மம் வலைபோல் தொடர்ந்து படர்ந்திருந்தால் ஊறலில் அரிப்பைத் தடுக்கும்; துண்டுதுண்டாக இருந்தால் அதுவே கேத்தோடாகி அரிப்பை வளர்க்கும். ஊறலில் காத்த அதே வலை டிஸ்சார்ஜில் கரைவதற்குக் குறுக்கே நின்று மின்னழுத்தத்தை இறக்கக்கூடும். வார்ப்பை 415 டிகிரியில் ஒரு நாள் சூடேற்றி உடனே குளிரவைத்தால் அந்தச் சேர்மம் பெருமளவு உலோகத்துக்குள்ளேயே கரைந்துவிடும். கலவை விகிதம் அதேதான், ஆனோடு வேறு. ஆகவே விகிதத்தோடு வெப்பப் பதப்படுத்தலையும் குறித்து வையுங்கள்.

கடல்நீர் பேட்டரிகளுக்கான ஏபி65 என்ற கலவையில் 6% அலுமினியமும் 5% ஈயமும் உண்டு. இரண்டும் சேர்ந்து மேற்பரப்பில் ஹைட்ராக்சைடு ஒட்டாமல் உதிரச் செய்வதால் மின்னழுத்தம் நன்றாக நிற்கும். ஆனால் மிஞ்சும் கரைசலில் ஈயம் இருக்கும். சாக்கடையில் ஊற்றக் கூடாது. முதல் சோதனைக்கு அதைத் தவிர்ப்பதே சரி.